சண்டை காணாத துவக்கு

மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். முழுவதும் விட்டால் துவக்கின் முன்குறி தாழும், விடாமல் அடக்கினால் நெஞ்சடிப்பு குழல்வரைக்கும் போய்விடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே நில் என்று சூட்டுக் கழகத்து வேர்ணர் எனக்குப் பழக்கித் தந்தவர். அந்த இடம் இன்றைக்கு அகப்படவில்லை. பாயில் குப்புறப் படுத்திருக்கிறேன். பள்ளத்தாக்குக்கு மறுகரையில், முந்நூறு மீற்றருக்கு அப்பால், புல் மேட்டின் அடியில் ஒரு வெள்ளைச் சதுரம், அதற்குள் ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டு அசையாமல்தான் இருக்கிறது. நான்தான் அசைகிறேன். எனக்குப் பின்னால் சுவரோரம் போட்ட வாங்கில் ரூபன் இருக்கிறான், தவமலரின் தம்பி, என் மச்சான், விசுவமடுவில் அரைக்கும் மில் வைத்திருக்கிறவன், எங்கள் மகள் ஆரபியின் கலியாணத்துக்குத் தாய்மாமனாக வந்து நின்றுவிட்டு அடுத்த கிழமை திரும்பிப் போகப் போகிறவன். ஏன் வந்தான். கலியாணத்துக்கு வந்ததைச் சொல்லவில்லை, இங்கே, இந்தச் சூட்டு மைதானத்துக்கு, ஏன் வந்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு, "அத்தான், நீங்கள் சுடப் போற இடத்துக்கு நானும் வரட்டோ?" என்று கேட்டபோது தவமலர் குசினிக்குள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சப்பாத்துப் போடும்போது வந்து பக்கத்தில் நின்று, "இஞ்சேருங்கோ, அவனைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், சொன்னால் நானும் போகாமல் நின்றிருக்க வேண்டும், இன்றைக்கு வருடத்தின் கடைசிப் போட்டி, பழைய துவக்குப் பிரிவில் நான் முன்னுக்கு நிற்கிறேன், ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் ஒரு போட்டியில் முன்னுக்கு நிற்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. விசையில் விரல் இருக்கிறது. பொட்டுக்குக் கீழே முன்குறி வந்து நின்றது, நின்றதென்றுதான் நினைத்தேன், துவக்கு தோளில் உதைத்தது, பக்கத்துத் திரையில் பத்துக்கு எட்டு என்று விழுந்தது. எட்டு. வலப்பக்கமாக இழுபட்டிருக்கிறது. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். ரூபன் காதுக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான், போடவில்லை. வரும்போதே போடச் சொல்லி நீட்டினேன், "எனக்கு ஒரு காதுதானே அத்தான் கேக்கும்" என்று சிரித்தான். ஷெல் விழுந்து போன காது மற்றது. கேட்கிற அந்த ஒரு காதால் இந்தச் சத்தம் முழுவதையும் கேட்டுக்கொண்டு இருக்கிறான். இத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்கிறான், அல்லது ஒவ்வொரு நாளும் கேட்கிறதுதானோ, யாருக்குத் தெரியும்.

கைபிடியைப் பிடித்து நேரே பின்னுக்கு இழுக்கிறேன், நேரே முன்னுக்குத் தள்ளுகிறேன். மற்ற நாட்டுத் துவக்குகளில் கைபிடியை மேலே தூக்கி, இழுத்து, தள்ளி, திரும்ப மடக்க வேண்டும். சுவிஸ்காரன் மட்டும் அந்தத் தூக்குவதையும் மடக்குவதையும் உள்ளே ஒரு திருகலுக்குள் ஒளித்துவிட்டு, மனிதனுக்கு இழுப்பதையும் தள்ளுவதையும் மட்டும் விட்டான். எண்ணெய் ஒழுங்காகப் போட்டிருந்தால் ஒரு மேசை லாச்சியைத் திறந்து மூடுகிற மாதிரித்தான். என்னை முதலில் பிடித்தது அந்தச் சத்தம். ஏழெட்டு வருடம் நான் இந்த மைதானத்துக்கு வெளியே, அதோ அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, கழகத்துக்காகச் சொசேஜ் பொரித்திருக்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவன் இந்த நாட்டில் துவக்கைத் தொடக் கூடாது, வாங்கக் கூடாது, சுடக் கூடாது, சட்டத்திலேயே நாட்டின் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறது. வேர்ணர் என் பக்கத்து வீட்டுக்காரர், பால்பண்ணையில் வேலை செய்து ஓய்ந்தவர், கழகத்துத் தலைவர். அவர்தான், "யோகி, நீ வந்து எங்களோடு நில், சுடாவிட்டால் என்ன, சமைக்கத் தெரியும்தானே" என்று கூட்டி வந்தார். யோகேந்திரன் என்று முழுக்கச் சொல்ல இவர்களுக்கு நாக்கு வளையாது. சுவிஸ் கடவுச்சீட்டு கையில் வந்த அன்று தவமலர் கோயிலுக்குப் போவோம் என்றாள். போய்விட்டு வந்து நான் வேர்ணர் வீட்டு மணியை அடித்தேன். முதல் துவக்கு அவருடைய தகப்பனுடையது, இப்போது கையில் இருக்கிற இதுதான், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு மாதிரி, வால்நட் மரம், தோளில் வைக்கிற பிடங்கின் அடிப்பக்கம் முழுக்கக் கீறலும் ஊறலும். எதனால் என்று கேட்டேன். பனிக்குள் ஊன்றி நின்றதாலாம், சப்பாத்து ஆணி பட்டதாலாம். அவ்வளவுதான். இந்தத் துவக்கு ஒரு உலகப் போர் முழுக்க எல்லையில் நின்று பனி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு பதினோராம் ஆண்டு மாதிரி ஒன்று, அதற்கும் முந்திய நீளக் குழல் ஒன்று, பிறகு இன்னும் இரண்டு. ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்து பழைய கொழுப்பைத் துடைத்து எடுக்கும்போது நான் ஒன்றைத்தான் நினைப்பேன், வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள், இது ஒருத்தரையும் கொல்லவில்லை. மனிதனைக் கொல்லுவதற்கென்றே இவ்வளவு பக்குவமாகச் செய்து, செய்தவன் செத்து, தூக்கினவன் செத்து, அந்த வேலை மட்டும் நடக்கவில்லை. உலகத்தில் அப்படி ஒரு துவக்கு இருக்கலாம் என்று எங்கள் ஊரில் சொன்னால் யார் நம்புவான். ரூபன் நம்புவானா. வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கோட்டு கொழுவ இடம் தேடி நான் துவக்குகள் வைத்திருக்கிற அலுமாரியைத் திறந்துவிட்டான். நான் திறப்பை அதிலேயே விட்டிருந்தேன், கலியாண அவசரம். ஐந்து துவக்குகள் வரிசையாக நிற்கின்றன. பார்த்துக்கொண்டு நின்றான். "உதெல்லாம் பழசு ரூபன், காட்சிக்கு வைச்சிருக்கிறன்" என்று சொன்னேன், பொய், நான் சுடுகிறேன், அது தவமலருக்கும் தெரியும் ஆரபிக்கும் தெரியும். அவன் அலுமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினான், குழந்தை தூங்குகிற அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி, பிறகு கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டான். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. இன்று மத்தியானம்வரை.

இழுத்துத் தள்ளியாயிற்று, ரவை உள்ளே போய்விட்டது, சுட வேண்டியதுதான். வயிறு பாயில் அழுந்துகிறது. குப்புறப் படுத்தால் எனக்கு இன்றுவரைக்கும் தார் மணக்கும். இங்கே தாரே இல்லை, இறப்பர் பாய், வெடிமருந்து, வெளியில் வெட்டின புல், இவ்வளவும்தான், ஆனாலும் முதல் நிமிடம் தார்தான் மணக்கும். இருபது வயது. கோப்பாய் றோட்டில் ஆமிக்காரர் சைக்கிளை விழுத்திவிட்டு எங்களை வரிசையாகக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மத்தியான வெயில், தார் இளகிச் சேட்டில் ஒட்டியது. கன்னம் றோட்டில். ஒரு கண்ணால் பார்த்தால் சப்பாத்துகள் மட்டும் தெரியும், ஒரு பிடங்கு தெரியும், மரப் பிடங்கு, பக்கத்தில் வந்து ஊன்றி நின்றது, அதன் நுனியில் ஒரு இரும்புத் தகடு, தகட்டில் இரண்டு திருகாணி. ஒரு திருகாணியின் வெட்டில் மண் அடைத்திருந்தது. குழல் எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியாது, பிடரியில் ஏதோ தொட்டது, அது குழலாக இருக்கலாம், விரலாகவும் இருக்கலாம், இலையாகவும் இருக்கலாம். பிறகு எழும்பிப் போ என்றார்கள், எழும்பிப் போனேன், அந்த வருடம் முடிவதற்குள் நாட்டைவிட்டே போனேன். இவ்வளவுதான் என்னுடைய யுத்தம். ரூபன் கண்டதுக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒரு கதையா. அதனால் நான் அவனுக்குச் சொன்னதில்லை. தவமலருக்குக்கூட ஒருக்காத்தான். ஆனால் இந்தப் பாயில் படுத்து, இம்முறை பிடங்கு என் தோளில் இருக்க, அதன் திருகாணிகளை நானே துடைத்து வைத்திருக்க, மூச்சைப் பாதியில் நிறுத்தினால் அந்தப் பாதியில் ஒரு அமைதி வரும், வேறெங்கேயும் வராது, அதற்காகத்தான் வருகிறேன் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது. அவன் காண்பது வேறு. வயிறு வைத்த ஒரு அத்தான், நல்ல சாப்பாடு சாப்பிட்டு, பாய் விரித்து, துவக்கு வைத்து விளையாடுகிறார். விளையாட்டுத்தானே. அவன் மகளிடம் கொடுத்தது விளையாட்டுக்கில்லை. துளசிகா. இந்தா, நினைக்கக் கூடாதென்று வைத்திருந்ததை நினைத்தாயிற்று. விசை இழுபட்டுவிட்டது, எப்போது இழுத்தேன், திரை ஏழு என்கிறது.

துளசிகாவும் ஆரபியும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். கலியாண மேடையில் ரூபன் ஆரபிக்கு மாலை எடுத்துக் கொடுக்கும்போது அவன் முகத்தை நான் பார்க்காமல் ஐயரின் பூணூலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் அப்படித்தான் எதையோ பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பிள்ளையை நான் நேரில் கண்டதே இல்லை. தொலைபேசியில் குரல் தெரியும், "மாமா, கொட்டை போட்ட சொக்கிலேற் வேண்டாம், வெறும் சொக்கிலேற் அனுப்புங்கோ" என்று கறாராகச் சொல்லும். படத்தில் தெரியும், ஒல்லிப் பிள்ளை, இரட்டைப் பின்னல், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, நிமிர்ந்து நிற்கும். சண்டை முடிகிற வருடம், தை மாதம், இயக்கக்காரர் கூடாரத்துக்குள் வந்து சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினைந்து வயது. ரூபன் பின்னால் ஓடினானாம், விழுந்தானாம், அது தவமலர் சொன்னது, அவனாகச் சொன்னதில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பிள்ளையைத் துவக்கோடு ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் கண்டேன், உன்ர மகள் மாதிரி இருந்தது என்று யாரோ வந்து சொன்னார்கள். பிறகு ஒன்றுமில்லை. செத்ததென்றும் இல்லை இருக்கிறதென்றும் இல்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை, ரூபன் வந்த நாளிலிருந்து இன்னும் கவனமாகச் சொல்வதில்லை, ஆரபி ஒருநாள் கடையில் துளசிச் செடி ஒன்று வாங்கிவந்துவிட்டு அதைப் பல்கனியின் மூலையில் கொண்டுபோய் வைத்ததைப் பார்த்தேன், பாவம், செடியையும் ஒளிக்க வேண்டியிருக்கிறது. இந்த மனிதனை நான் துவக்குச் சத்தத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்து வாங்கில் இருத்தியிருக்கிறேன். இப்போது எழும்பி வந்தால். வந்து இந்தத் துவக்கைப் பறித்தால். தொட்டாலே குற்றம், அவனுக்கும் குற்றம் எனக்கும் குற்றம், விசாவில் வந்தவன், பொலிஸ், விமான நிலையத்தில் மறித்து வைப்பார்கள், தவமலர் என் முகத்தில் முழிக்க மாட்டாள். பறிக்க மாட்டான், ரூபன் அப்படிப்பட்டவனில்லை. அழுதால். அழுதால் நான் என்ன செய்வேன், இவ்வளவு சுவிஸ்காரருக்கு முன்னால். இல்லை, பயம் அதுவுமில்லை. அவன் பேசாமல் இருந்து பார்த்துவிட்டு, பேசாமல் காரில் ஏறி, பேசாமல் விசுவமடுவுக்குத் திரும்பிப் போய்விடுவான், அதுதான் பயம். இழு, தள்ளு. ஒன்பது. எப்படி ஒன்பது வந்ததென்று தெரியவில்லை. இழு, தள்ளு.

சிவப்பு விளக்கு எரிந்தது. வேர்ணர் கையைத் தூக்கி, "நிறுத்துங்கோ, எல்லோரும் நிறுத்துங்கோ" என்று கத்திக்கொண்டு வரிசையின் பின்னால் நடந்தார். மறுகரை மேட்டில் ஒரு மாடு வேலியைத் தாண்டி இலக்குகளுக்கு முன்னால் வந்து மேய்ந்துகொண்டிருக்கிறது. கழுத்து மணி இந்தப் பக்கம்வரைக்கும் கேட்கிறது. யாருடைய மாடு என்று இவர்களுக்கு இங்கிருந்தே தெரியும், யாரோ தொலைபேசி எடுத்தார்கள், சிரித்தார்கள், ஒவ்வொருவராகப் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்கள். நானும் ரவைக்கூட்டைக் கழற்றி, போல்ட்டை இழுத்துத் திறந்து வைத்துவிட்டு முழங்காலில் எழும்பினேன். முழங்கால் இரண்டும் கடகடத்தன. ரூபன் வாங்கிலிருந்து எழும்பி வந்து, பாய்களுக்குப் பின்னால் தரையில் கீறிய மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு துவக்கைக் குனிந்து பார்த்தான். தொடக் கூடாதென்று நான் காரில் வரும்போது சொல்லியிருந்தேன், அதற்காகத்தான் கையைக் கட்டியிருக்கிறான் என்று விளங்கியபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

"இதால ஆரையும் சுட்டிருக்கினமோ அத்தான்?"

"இல்லை ரூபன். ஒருத்தரையும் இல்லை. இவங்களுக்குச் சண்டையே வரேல்ல."

"வரவே இல்லையோ?"

"எல்லையில போய் நிண்டவங்கள். வரேல்ல எண்டோடன திரும்பி வந்திட்டாங்கள்."

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. மாடு இன்னும் மேய்கிறது, பச்சை மேட்டில் ஒரு மண்ணிறப் புள்ளி. பிறகு, கைபிடியைப் பார்த்துக்கொண்டே, "இது வலப்பக்கம் இருக்கு. இடக்கைக்காரர் எண்டால் என்ன செய்யிறது?" என்றான்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. ஒரு கேள்வி, துவக்கைப் பற்றி ஒரு நேரான கேள்வி, இரண்டு ஆம்பிளைகள் கதைக்கக் கூடிய விஷயம், இத்தனை நாளாக இல்லாத ஒன்று. நான் அவிழ்த்துவிட்டேன். "நல்ல கேள்வி ரூபன், இடக்கைக்காரருக்கு இது பெரிய கரைச்சல். பார், இடக்கையால விசையைப் பிடிச்சால் வலக்கை குழலைத் தாங்கோணும். சுட்டு முடிஞ்சோடன அந்தத் தாங்கிற கையை எடுத்துத்தான் கைபிடியை இழுக்கோணும். எடுத்தவுடன துவக்குத் தலை குத்தும், குறி போயிடும், திரும்ப முதல்ல இருந்து பிடிக்கோணும். இந்த நாட்டு ஆமியில அதுக்காகவே இடக்கைக்காரரையும் வலத்தோளாலதான் பழக்கினவங்களாம், வேர்ணர் சொல்லுவார். ஏனெண்டால் மற்றவன் மூண்டு சூடு சுட்டு முடிக்கேக்குள்ள இவன் ஒண்டுதான், அதுக்குள்ள எதிர்ப்பக்கத்தில நிக்கிறவன்—"

நின்றுவிட்டேன். ரூபன் என்னைப் பார்க்கவில்லை, கைபிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பாடத்தைக் கவனமாகக் கேட்கிற பிள்ளை மாதிரி, மிச்சத்தையும் சொல்லட்டும் என்று. படத்தில் அந்தப் பிள்ளை இரண்டு கையையும் பக்கத்தில் விட்டு நிமிர்ந்து நின்றது. அது எந்தக் கையால் சாப்பிட்டதென்று, எந்தக் கையால் எழுதியதென்று, நான் எங்கே கண்டேன். பெட்டி பெட்டியாகச் சொக்கிலேற் அனுப்பியிருக்கிறேன், எந்தக் கையால் பிரித்ததென்று தெரியாது.

"துளசிகாவோ?" என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்கு வெளியே, வெடிமருந்து மணக்கிற ஒரு கொட்டகையில், அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஓம்" என்றான். "எழுத்துப் பழக்கேக்குள்ள தாய் வலக்கைக்கு மாத்தப் பாத்தவ. நான்தான் விடேல்ல. அது தன்ர பாட்டில எழுதட்டும், என்ன கெட்டுப் போகுது எண்டு சொன்னனான்." ஒரு செருமல் செருமினான். "பிறகு யோசிப்பன் அத்தான். மாத்தி விட்டிருக்கலாமோ எண்டு. மில் ஓடேக்குள்ள, அந்தச் சத்தத்துக்குள்ள நிண்டு, உதைத்தான் யோசிக்கிறது. அவளுக்குக் குடுத்ததிலயும் பிடி வலப்பக்கந்தான். வெடிச்ச ரவைக் கோது கண்ணுக்கு முன்னால பாய்ஞ்சிருக்கும். முகத்தில அடிக்காதோ? ஆரிட்டைக் கேக்கிறது. சண்டையில நிண்டதுகளிட்டைக் கேட்டால் ஏன் கேக்கிறாய் எண்டு பாக்குங்கள். உங்கட அலுமாரியைக் கண்டோடன, அத்தானுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன்."

இதற்காகத்தான் வந்திருக்கிறான். என்னைக் குற்றம் சொல்லவுமில்லை, அழவுமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறான். நான் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன், அழகாக, விளக்கமாக, கையை ஆட்டி. மற்றவன் மூன்று சூடு சுடுவதற்குள். அந்த வாக்கியம் எனக்கும் அவனுக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது, அதை எப்படி எடுப்பது, எடுக்க முடியாது, சரியான தகவல், நான் பொய் சொல்லவில்லை, அலுமாரிக்கு முன்னால் சொன்ன பொய்யை இங்கே சொல்லியிருக்கலாம். விளக்கு பச்சையாகிவிட்டது. மாட்டுக்காரன் வந்து ஓட்டிக்கொண்டு போகிறான், மணிச்சத்தம் தேய்கிறது, ஆட்கள் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். எனக்கு இன்னும் நாலு சூடு இருக்கிறது. ரூபன் வாங்குக்குத் திரும்பப் போகக் காலை எடுத்தான்.

"நில் ரூபன்" என்றேன். "நான் சொன்னது ஆக்கள் சொல்லக் கேட்டது. நான் ஒருநாளும் இடத்தோளால சுட்டுப் பாத்ததில்லை. சுடாமல் எப்பிடிச் சொல்லுறது. நில், பாப்பம்."

படுத்தேன். ரவைக்கூட்டைத் திரும்பப் போட்டு, போல்ட்டைத் தள்ளிவிட்டு, பிடங்கை இடத்தோளில் வைத்தேன். அது அந்தத் தோளுக்குப் புதிது, எலும்பில் குத்தியது. இடக்கன்னத்தை மரத்தில் அழுத்தினால் இடக்கண்ணால் பார்க்க வேண்டும், என் இடக்கண் ஒன்றுக்கும் உதவாது, பொட்டு இரண்டாகத் தெரிந்தது. காலை எந்தப் பக்கம் விரிப்பது, இடுப்பை எந்தப் பக்கம் சரிப்பது, பதினைந்து வருடமாகப் பழகின உடம்பு எல்லாவற்றையும் மறந்துபோய்ப் புதிதாகக் கேட்கிறது. ஒல்லிப் பிள்ளை. அதற்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், சொல்லிக் கொடுக்க நேரம் இருந்திருக்குமா, அல்லது கத்தினார்களா. மூச்சு. பாதி. விசையில் இடது சுட்டுவிரல், அது விசையை ஒரு கல்லைத் தள்ளுகிற மாதிரித் தள்ளியது. உதை கன்னத்தில் வந்து அடித்தது, கண்ணில் தண்ணீர். திரையில் பூச்சியம். இலக்குத் தாளிலேயே படவில்லை. வேர்ணர் பின்னால் ஓடி வந்துவிட்டார். "யோகி, என்ன செய்கிறாய்? தோள் நோகிறதா? இது போட்டி, தெரியும்தானே, நீ முன்னுக்கு நிற்கிறாய்." தெரியும் என்றேன். இதைப் பிறகு செய்யலாமே என்றார். இல்லை வேர்ணர், இப்போதுதான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ரூபனைப் பார்த்தார், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

வலக்கையைக் குழலடியிலிருந்து எடுத்தேன். துவக்குத் தலை குத்தியது, சொன்னபடியே. கைபிடியைப் பிடித்து நேரே இழுத்தேன். கோது துள்ளி மேலெழுந்து என் நெற்றிக்கு மேலால் போய்ச் சீமெந்தில் விழுந்து உருண்டது.

"பட்டதோ?" ரூபன் மஞ்சள் கோட்டுக்கு அங்கால் குந்தியிருந்தான், அவனுடைய நல்ல காது என் பக்கம்.

"இல்லை. மேலால போச்சு."

"முகத்தில படேல்லத்தானே?"

"படேல்ல ரூபன். கண்ணுக்கு முன்னால ஒருக்கா மின்னிச்சு, அவ்வளவுதான்."

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நேரே தள்ளினேன், கையைத் திரும்பக் குழலடிக்குக் கொண்டுபோனேன், குறியைத் தேடினேன். தேட நேரம் எடுத்தது. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் அதற்குள் இரண்டு தரம் சுட்டுவிட்டான், ரூபனும் அதை எண்ணியிருப்பான், எண்ணாமல் இருக்கட்டும். சுட்டேன். திரையில் மூன்று. தாளில் பட்டுவிட்டது. இழுத்தேன், இந்தமுறை துவக்கை முழங்கையில் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு இழுத்தேன், தலை அவ்வளவு குத்தவில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது. வேர்ணருக்கும் தெரியாத வழி. அந்தப் பிள்ளையும் இதைக் கண்டுபிடித்திருக்கும், தானாகவே, யாரும் சொல்லிக் கொடுக்காமல். சுட்டேன். ஆறு.

"ஏலுது, என்ன?" என்றான் ரூபன்.

"ஏலும். கொஞ்சம் பிந்தும். ஆனால் ஏலும்."

"ஏலும்" என்று அவனும் சொன்னான், எனக்கில்லை. எழும்பி, என் மற்றப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த பாய்க்குப் போனான். நான் தடுக்க வாய் எடுத்தேன். அவன் எதையும் தொடவில்லை. கலியாணத்துக்கென்று தைத்த காற்சட்டையோடு அந்தப் பாயில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, வெறுங்கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்குக்கு மறுகரையைப் பார்த்தான். வேர்ணர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படுப்பதற்குத் தடை ஒரு சட்டத்திலும் இல்லை.

"அந்தக் கறுப்புத்தானே அத்தான்?"

"அதுதான்."

"சரியான தூரம்."

"ஓம்."

"எங்கட துளசிக்குக் கண் நல்ல கூர்" என்றான். "அவள் எதையும் கெதியாப் பிடிச்சிடுவாள்."

எனக்கு ஒரு ரவை மிச்சம் இருந்தது. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தபடியே பிடித்துக்கொண்டு, அவன் பார்த்து முடியட்டும் என்று படுத்திருந்தேன்.